பொது நூலகத்துக்கு ஒரு விக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். நூலகத்துக்கென்று ஒரு விக்கி வைத்திருக்கிறோம். அதைக் கவனித்துக்கொள்ளும் நாலைந்து பேரில் நானும் ஒருத்தன். அதைப் பார்த்துவிட்டு மற்ற ஊர் நூலகர்களும் வாசகர் வட்டத்து நண்பர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

விக்கி என்றால் விக்கிப்பீடியாதானே?

விக்கிப்பீடியா ஒரு விக்கி. அதைப்போல வேறு ஆயிரம் விக்கிகள் உண்டு. படிக்கிறவரே ‘தொகு’ என்பதை அழுத்தி அந்தப் பக்கத்தைத் திருத்தலாம் என்றால் அது விக்கி. 1995இல் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியைத் தொடங்கினார். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சேர்ந்து எழுதி வைப்பதற்காகச் செய்தது அது. ஹவாய் மொழியில் விக்கி என்றால் ‘சீக்கிரம்’. ஹோனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயர் நினைவுக்கு வந்து அப்படிப் பெயர் வைத்தார். விக்கிப்பீடியா வந்தது 2001இல்தான்.

நூலகத்துக்கு முக்கியமான இரண்டு சங்கதிகள் விக்கியில் இருக்கின்றன. ஒன்று, வரலாறு: யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று எல்லாம் பதிவாகிறது, பழைய நிலைக்குத் திரும்பவும் முடிகிறது. இன்னொன்று, சிவப்பு இணைப்பு. இன்னும் எழுதாத ஒரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால், விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் அது சிவப்பாகத் தெரியும். ‘இதை யாராவது எழுதுங்கள்’ என்று பக்கமே கேட்பதுபோல இருக்கும். யாராவது ஒருத்தர் வந்து எழுதியும் விடுகிறார்.

நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, நூலகர் இருக்கிறார். விக்கி எதற்கு?

நூலகர் மாறிவிடுவார், அதற்குத்தான்.

எங்கள் நூலகத்தில் பல வருடம் இருந்த அம்மா ஒருவர் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே ஒரு கல்லூரி மாணவி வந்து ஊர் ஏரியின் மதகுகளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். புதிதாக வந்த நூலகர் நல்லவர், உழைப்பாளி. ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? நூற்பட்டியலில் ‘ஏரி’ என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியின் பொன்விழா மலரில் ஓர் ஆசிரியர் அந்த ஏரியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தார். மலர் பீரோவில் இருந்தது. இது ஓய்வு பெற்ற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மாணவி வெறுங்கையோடு போனார். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அந்த அம்மாவைச் சந்தித்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தத்தில் பிறந்ததுதான் எங்கள் விக்கி.

ஒவ்வொரு நூலகத்திலும் இப்படி எழுதப்படாத ஓர் அறிவு இருக்கிறது. எந்த நன்கொடையில் என்ன வந்தது, எந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வழக்கமாக எதைத் தேடுகிறார்கள், ஊரில் யாரிடம் பழைய ஓலைச்சுவடி இருக்கிறது என்பதெல்லாம் நூற்பட்டியலில் ஏறாது. நூலகரின் தலைக்குள் இருக்கும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதி வைத்த ஐந்து விதிகளில் நாலாவது. அந்த மாணவியின் நேரத்தை நாங்கள் சேமிக்கவில்லை.

வாட்ஸ்ஆப் குழு இருக்கிறதே, போதாதா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸ்ஆப் எல்லோர் கையிலும் இருக்கிறது, தமிழில் குரலிலேயே பேசி அனுப்பலாம், பயிற்சி எதுவும் வேண்டாம். ‘நாளைக்குக் கூட்டம் ஐந்து மணிக்கு’ என்று சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் குழுவில் போட்டது மூழ்கிவிடும். போன வருடம் ஒருவர் ஊர்ச் சந்தையின் வரலாற்றை அழகாக நான்கு செய்திகளாக எழுதினார். கீழே இருபது கைகூப்பிய படங்கள், அப்புறம் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து. ஒரு வாரத்தில் யாருக்கும் அது எங்கே என்று தெரியவில்லை. புதிதாகக் குழுவில் சேருகிறவருக்கு வழக்கமாகப் பழைய செய்திகள் தெரிவதும் இல்லை. செய்தியில் தவறு இருந்தால் மற்றொருவர் திருத்த வழியில்லை; கீழே இன்னொரு செய்தி போட்டு விவாதம்தான் செய்யலாம். விக்கியில் சரியான வரி தவறான வரியின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

அதனால் நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம். பேச்சு குழுவில். பேசி முடிந்ததும் நிற்க வேண்டிய விஷயத்தை யாராவது விக்கியில் ஏற்றிவிட்டு அதன் இணைப்பைக் குழுவில் போடுவார். இதை வழக்கமாக்க ஆறேழு மாதம் ஆனது.

நூலகங்கள் இதை உண்மையிலேயே எங்காவது செய்திருக்கின்றனவா?

செய்திருக்கின்றன. 2005 வாக்கில் அமெரிக்காவில் ஓர் அலையே அடித்தது. மெரிடித் ஃபார்க்கஸ் என்ற நூலகர் அந்த வருடம் சிகாகோவில் நடந்த அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டுக்காக ஒரு விக்கி தொடங்கினார். எங்கே சாப்பிடலாம், எந்த அமர்வு நன்றாக இருந்தது என்று மாநாட்டுக்கு வந்தவர்களே எழுதினார்கள். அந்த வெற்றியைப் பார்த்து, நூலகங்களில் நன்றாக நடந்த முயற்சிகளை நூலகர்களே பதிந்து வைக்கும் இன்னொரு விக்கியையும் அவர் ஏற்படுத்தினார். இண்டியானா மாநிலத்தின் செயின்ட் ஜோசப் மாவட்டப் பொது நூலகம், எந்தப் பொருளுக்கு என்ன படிக்கலாம் என்று வாசகருக்கு வழிகாட்டும் பக்கங்களை மீடியாவிக்கியில் அமைத்தது. பிரின்ஸ்டன் பொது நூலகம் 2006 கோடையில் வாசகர்களையே புத்தக மதிப்புரை எழுத அழைத்து ஒரு விக்கி நடத்தியது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பெயினில் உள்ள கட்டலோனியா. அங்கே பொது நூலகங்கள் உள்ளூர் விக்கிப்பீடியர்களோடு சேர்ந்து, தங்கள் ஊரைப் பற்றிய கட்டுரைகளைக் கட்டலான் மொழியில் நூலகத்திலேயே உட்கார்ந்து எழுதின. பெரிய மொழிகளுக்கு நடுவே தங்கள் மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு உண்டு. நமக்கு அது நன்றாகவே புரியும்.

அந்த நாட்களில் தொடங்கிய நூலக விக்கிகளில் பல இன்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. ‘நூலகம்’ என்ற பெயரிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், மலர்கள், துண்டுப் பிரசுரங்கள் ஆகியவற்றை மின்னாக்கம் செய்து வைக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம் அது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். அந்தத் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விக்கிப் பக்கம்: நூலக எண், ஆசிரியர், வெளியீட்டு ஆண்டு, பதிப்பகம், படிக்கக் கோப்பு, பல நூல்களுக்கு உள்ளடக்கப் பட்டியலும் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். கீழே பகுப்புகள். ஒரு சிற்றிதழின் முப்பது வருடத்துக்கு முந்தைய இதழில் ஒரு கட்டுரைத் தலைப்பைத் தேடிப் பிடிக்க முடிகிறது என்றால், யாரோ ஒருவர் பொறுமையாக அந்த உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்ததால்தான்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 நள்ளிரவையொட்டி எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று நம் மொழிக்காரர்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தளத்தைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, நாங்கள் எதில் தொடங்குவது?

‘நம் மாவட்ட வரலாறு’ என்று தொடங்காதீர்கள். முடிக்க முடியாது, சோர்ந்துபோவீர்கள். நூலக மேசையில் தினமும் வருகிற கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் நூலகர் ஒரு நோட்டில் இரண்டு வாரம் வாசகர்கள் கேட்டதையெல்லாம் குறித்து வைத்தார். உறுப்பினராக என்ன கொண்டுவர வேண்டும்? போட்டித் தேர்வுப் புத்தகங்கள் எந்த அலமாரி? பழைய வினாத்தாள் இருக்கிறதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கதைப் புத்தகம் தரலாம்? ஊர்ப் பெயருக்கு என்ன காரணம்? இப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு பன்னிரண்டை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதினோம். சில பக்கங்கள் ஆறு வரிதான். முதல் மாதத்திலேயே நூலகர் தன் போனில் அந்தப் பக்கங்களைத் திறந்து வாசகருக்குக் காட்ட ஆரம்பித்துவிட்டார். தனக்கே வேலை குறைகிறது என்று தெரிந்ததும் அவரே எழுதவும் தொடங்கினார். நாங்கள் வற்புறுத்தவே இல்லை.

அடுத்து, மலர்கள். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், கூட்டுறவுச் சங்க வெள்ளிவிழா மலர் என்று எந்த ஊர் நூலகத்திலும் ஒரு கட்டு கிடக்கும். ஒவ்வொரு மலருக்கும் ஒரு பக்கம் திறந்து அதில் என்னென்ன கட்டுரை, யார் எழுதியது, எந்தப் பக்கம் என்று மட்டும் ஏற்றினோம். மொத்தம் 43 மலர்கள். கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் செய்தார்கள். ஏரி மதகுக் கட்டுரையைத் தேடினால் இப்போது முதல் வரியிலேயே வருகிறது.

வாசகர்கள் எழுதலாமா? யாராவது கெடுத்துவிட்டால்?

எழுதலாம், எழுத வேண்டும். கெடுத்தால் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இதுவரை எங்கள் விக்கியில் யாரும் வேண்டுமென்று கெடுத்ததில்லை. தொல்லை கொடுத்தவை விளம்பரம் போடும் தானியங்கி நிரல்கள்தான். பெயர் பதியாமல் யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்று முதலில் விட்டிருந்தோம். ஒரு வாரத்தில் சூதாட்டத் தள இணைப்புகள் முளைத்தன. கணக்கு வேண்டுவோர் நூலகத்துக்கு நேரில் வர வேண்டும், நூலகர் உருவாக்கித் தருவார் என்று மாற்றினோம். தொல்லை அன்றோடு நின்றது. நேரில் வருகிறவர் புத்தகமும் எடுத்துக்கொண்டு போகிறார்.

‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைத் தினம் ஒருவர் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் போதும். நூலக நேரம், கட்டணம் போன்ற பக்கங்களைப் பூட்டி நூலகர் மட்டும் மாற்றும்படி வையுங்கள். கருத்து வேறுபாட்டை ‘உரையாடல்’ பக்கத்தில் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பெயர்க் காரணத்துக்கு மூன்று கதைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆள் இருந்தார்கள், கொஞ்சம் சூடாகவும் பேசினார்கள். கடைசியில் மூன்றையும், யார் சொன்னது என்ற குறிப்போடு, அடுத்தடுத்துப் போட்டோம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

எந்த மென்பொருள்?

இரண்டைச் சொல்வேன், இரண்டும் இலவசம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஒன்று. முகப்பு தமிழிலேயே இருக்கும், விக்கிப்பீடியாவில் பழகியவருக்குக் கை உடனே வந்துவிடும். ஓட ஒரு தரவுத்தளம் வேண்டும். இன்னொன்று டோக்குவிக்கி. 2004இல் ஆண்ட்ரியாஸ் கோர் என்ற ஜெர்மானியர் தொடங்கியது. இதற்குத் தரவுத்தளமே வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் காப்புப் பிரதி தயார்.

தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். பணியாளர்கள் மட்டும் பார்க்க வேண்டிய பக்கங்கள் உண்டா? மீடியாவிக்கி எல்லோரும் படிப்பதற்காகச் செய்தது. சில பக்கங்களைச் சிலரிடமிருந்து மறைப்பது அதில் நம்பகமாக நடக்காது. டோக்குவிக்கியில் எந்தப் பிரிவை யார் பார்க்கலாம் என்ற ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது.

கணினி அதிகம் தெரியாதவர் எழுத முடியுமா?

முடியும். இப்போதைய மீடியாவிக்கியில் குறிகள் எதுவும் தெரியாமலே, பார்த்தபடி எழுதும் தொகுப்பியைச் சேர்த்துக்கொள்ளலாம். தட்டச்சு வராத பெரியவர்களை நாங்கள் பேச வைத்து, ஒரு பிள்ளை தட்டச்சு செய்யும். போனில் தமிழில் பேசியே எழுத்தாக்கலாம், பிழை திருத்த வேண்டியிருக்கும். பழகுவதற்கு ‘மணல்தொட்டி’ என்று ஒரு பக்கம் வைத்துவிடுங்கள், அங்கே எதை எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இலவசமாக இடம் தரும் விக்கித் தளங்கள் உண்டே?

உண்டு. எங்கள் முதல் முயற்சி அப்படி ஒன்றில்தான் இருந்தது. ஒருநாள் அந்தச் சேவை நின்றது. அறிவிப்பு வந்த மின்னஞ்சல் முகவரியை யாரும் பார்ப்பதே இல்லை. அறுபது பக்கங்கள் போயின. அதில் இப்போது உயிரோடு இல்லாத ஒரு நெசவாளர் ஐயா சொன்ன தறிச் சொற்களும் இருந்தன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. ஆசிரியர்களும் நூலகர்களும் உலகெங்கும் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் மூடப்பட்டது. எடுத்து வைக்காதவர்களின் பக்கங்கள் எல்லாம் போயின. எங்கே வைத்தாலும் சரி, மாதம் ஒருமுறை முழு நகல் எடுத்து, ஒரு பிரதி நூலகத்திலும் ஒரு பிரதி வேறொருவர் வீட்டிலும் இருக்கட்டும். தளத்தின் கடவுச்சொல் குறைந்தது மூன்று பேரிடம் இருக்க வேண்டும்.

அரசு நூலகம் ஆயிற்றே, அனுமதி?

கிளை நூலகர் தன் விருப்பப்படி நூலகத்தின் பெயரில் தளம் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் வாசகர் வட்டத்தின் பெயரிலேயே நடத்துகிறோம், நூலகர் வழிகாட்டுகிறார். இடத்துக்கும் பெயருக்கும் ஆகும் செலவை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்கிறோம்.

எதை எழுதக் கூடாது?

யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதை ஒருபோதும் எழுதக் கூடாது. உறுப்பினர் பெயர், முகவரி, போன் எண்ணும் கூடாது. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

அடுத்து, பதிப்புரிமை. இந்தியாவில் ஓர் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது உதவி ஆகாது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் வேறு. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக வந்த அப்படிப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நூல்கள், முழு நூல்களையே வைக்கும் விக்கியான தமிழ் விக்கிமூலத்தில் ஏறின. அவற்றுக்கு நேராக இணைப்புக் கொடுங்கள். மலர்களில் நாங்கள் உள்ளடக்கத்தை மட்டும் ஏற்றியதற்கும் இதுதான் காரணம். முழுக் கட்டுரை வேண்டும் என்கிறவர் நூலகத்துக்கு வரட்டும்.

நூற்பட்டியலையே விக்கியில் வைத்துவிடலாமா?

வேண்டாம். இரவல் கணக்கு, இருப்புச் சரிபார்ப்பு எல்லாம் அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் நடக்க வேண்டும். நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் ஓடத் தொடங்கிய கோஹா அப்படி ஒன்று. இலவசம், இந்திய நூலகங்கள் பலவற்றில் இருக்கிறது. அந்தக் கோஹாவை வளர்க்கும் குழு தன் குறிப்புகளை ஒரு விக்கியில்தான் வைத்திருக்கிறது.

சொந்த விக்கி எதற்கு, விக்கிப்பீடியாவில் எழுதினால் போதாதா?

இரண்டுக்கும் வேலை வேறு. விக்கிப்பீடியாவுக்கு ஏற்கெனவே வெளியான, நம்பத்தகுந்த சான்று வேண்டும். நெசவாளர் ஐயா வாயால் சொன்னதை அங்கே சேர்க்க முடியாது. நம் விக்கியில் அவர் பெயரோடு வைக்கலாம். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு அங்கே தனிக் கட்டுரை நிற்காது. நம் விக்கியில் நிற்கும்.

ஆனால் சான்று என்பது நூலகத்தில் கொட்டிக் கிடக்கிற பொருள். விக்கிப்பீடியாவின் பதினைந்தாவது பிறந்தநாளை ஒட்டி 2016இல் ஓர் இயக்கம் தொடங்கியது: ஒவ்வொரு நூலகரும் ஒரேயொரு சான்றைச் சேர்த்தால் போதும் என்பது அதன் வேண்டுகோள். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து பாருங்கள். சான்று இல்லாத வரி நிச்சயம் இருக்கும். அதற்கு உங்கள் அலமாரியில் ஒரு புத்தகமும் இருக்கும். படங்களும் அப்படியே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில நூலகம் 2010இல் உரிமை முடிந்த 50,000 பழைய படங்களை, விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் தளமான விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுத்தது. நம்மால் ஐம்பது முடிந்தாலும் நல்லது.

ஆரம்ப வேகம் போய் நின்றுவிட்டால்?

அந்த அமெரிக்க விக்கிகளுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆர்வமுள்ள ஒரே ஒருவர் தொடங்குவார். அவர் இடம் மாறியதும் விக்கி அனாதையாகும். ஒருவர் தலைக்குள் இருந்ததை வெளியே எடுக்கத்தான் விக்கி. அந்த விக்கியே ஒருவர் தலையில் நின்றால் பழைய கதைதான்.

நாங்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை வாசகர் வட்டக் கூட்டத்தில் அரைமணி நேரம் இதற்கென்று ஒதுக்குகிறோம். திரையில் சிவப்பு இணைப்புகளைக் காட்டி, யாருக்கு எது தெரியும் என்று கேட்டு, அங்கேயே எழுதுகிறோம். மூன்று மாதம் யாரும் தொடாத பக்கங்களில் ஒன்றைத் திறந்து இன்னும் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். நூலக நேரம் மாறி எட்டு மாதமாகத் தவறாகவே இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் நெட் இணைப்பே இல்லை. வழி உண்டா?

உண்டு. டோக்குவிக்கியைப் பென்டிரைவில் வைத்தே விண்டோஸ் கணினியில் இயக்கலாம், அதற்கென்று தயாராக ஒரு வடிவம் தருகிறார்கள். வாரம் ஒருமுறை நெட் உள்ள இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கணினியும் இல்லை என்றால், ஒரு தடித்த பைண்டு நோட்டு, பக்கத்துக்கு ஒரு தலைப்பு, ஓரத்தில் எழுதியவர் பெயரும் தேதியும், எதிர்ப் பக்கம் திருத்தத்துக்குக் காலியாக. கணினி வரும்போது அதை அப்படியே ஏற்றிவிடலாம். ஏற்றுவதற்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகள் நான்கு பேரும் வருவார்கள்.